இரட்டைப்படைப் பூக்கள்

பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ஜூன் மாத வெயில், ஆனால் தெருவெல்லாம் வெள்ளை. பாப்லர் மரத்துப் பஞ்சு. எங்கள் ஊரில் இலவங்காய் வெடித்தால் பறக்குமே, அதைப் போல.

சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த என் கணவரின் படத்தில் வந்து உட்காரும். நீனா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உதட்டைக் குவித்து அதை ஊதிவிடுவாள்.

"தள்ளு. மனுசன் மூஞ்சி தெரியட்டும்" என்று பஞ்சை அதட்டுவாள்.

வோல்கா ஆற்றங்கரையில் யாரஸ்லாவ்ல் என்றொரு நகரம். எட்டு வாரம் ரஷ்ய மொழி படிக்கப் போயிருந்தேன். நீனா வீட்டில் தங்கல். கரண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலி பஸ்ஸை ஓட்டுகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மனதுக்குள் நீனாக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவள் பேசும் ரஷ்யன், போகப்போக, எங்கள் வள்ளியூர்ப் பேச்சாகவே காதில் விழுந்தது.

வள்ளியூரில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது என் வேலை. கூடங்குளத்து ரஷ்யர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊசியைக் கண்டதும் பிள்ளைகள் அலறும். வலிக்காது என்று சொல்ல எனக்குச் சொல் கிடையாது. அதற்காகத்தான் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

உண்மையில், எங்காவது போனால் போதும் என்றிருந்தது. அவர் இறந்து இரண்டு வருஷம். பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. அதற்குப் பிறகு ஊரில் யார் என்னைப் பார்த்தாலும், பாவம் என்றுதான் பார்த்தார்கள். கல்யாண வீடுகளில் எனக்குப் பின்வரிசை நாற்காலி.

மொழிப் பள்ளியில் முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எட்டு வாரமும் ரஷ்யன் மட்டும். தாய்மொழி கூடாது, ஆங்கிலமும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் பேசப் பத்து நிமிடம்.

முதல் பாடம், குடும்பம். எழுந்து நின்று சொல்ல வேண்டும். கையில் இருந்ததோ இருபது சொல். கணவர். வீடு. வேலை. மீன். பிடிக்கும். இறந்துவிட்டார் என்ற சொல் அதில் இல்லை.

என் கணவர் பெயர் லிங்கதுரை, என்றேன். அவர் வெல்டர். அவருக்கு மீன் பிடிக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஊரில் அவர் உயிரோடு இருந்தார்.

அன்று சாயங்காலம் நீனாக்கா படம் கேட்டாள். கைபேசியிலிருந்து அனுப்பினேன். மறுநாளே பிரிண்ட் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். வள்ளியூரில் அதே படத்துக்குச் சந்தன மாலை, சின்னச் சிவப்பு பல்பு. இங்கே மாலை இல்லை. பக்கத்தில் கரண்ட் பில். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

நேற்று என்ன சாப்பிட்டாராம், என்பாள். நெத்திலிக் கருவாடு, என்பேன். குளிக்கும்போது விசிலடிப்பார், என்பேன். அவளுடைய புருஷன் வடக்கே வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை.

"ஒருத்தனாச்சும் ஒழுங்கா இருக்கானே. நீ கொடுத்துவச்சவ" என்பாள்.

எட்டாம் பாடத்தில் அந்தச் சொல் வந்தது, இறந்துவிட்டார். நோட்டில் எழுதிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொல் தெரியாதவரை அது பொய் இல்லை. தெரிந்த பிறகு பொய்தான். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பேசுவாள். பத்து நிமிடம் தமிழ். அந்தப் பத்து நிமிடமும் அவர் இறந்திருந்தார். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி வருவேன். ஃபிரிட்ஜில் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஜூலையில் மழை. பஞ்சு எல்லாம் நனைந்து ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. நீனாக்காவுக்குப் பிறந்தநாள். ஆறு கார்னேஷன் பூ வாங்கி வந்தேன், மழையில் நனைந்துகொண்டே.

வாங்கியவள் கண்ணாலேயே எண்ணினாள். ஒரு பூவை உருவி எடுத்தாள். ஐந்தை ஜாடியில் வைத்தாள்.

"இங்க பாரு செல்வி. உசுரோட இருக்கவங்களுக்கு ஒத்தப்படை. ரெட்டப்படை செத்தவங்களுக்குத்தான் கொடுப்போம்."

எங்கள் ஊரிலும் மொய்க் கவரில் நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து வைப்போம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் சிரித்தாள். கையிலிருந்த ஒற்றைப் பூவை என்ன செய்வதென்று பார்த்தாள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு, ஃபிரிட்ஜின் மேல், அவர் படத்துக்கு நேராக வைத்தாள்.

"இது ஒங்க வீட்டுக்காரருக்கு."

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கடைசி வாரம் அவள் ஒரு பொட்டலம் நீட்டினாள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. அவர் கால் அளவை என்னிடம் எப்போதோ கேட்டு வைத்திருக்கிறாள். பஸ் டிப்போவில் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து பின்னியிருக்கிறாள்.

"பனி பெய்யும்போது அவரையும் கூட்டிட்டு வா" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். இனிமேல் சொல்லாமல் போனால், இந்த மனுஷி ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் இருவருக்காகவும் காத்திருப்பாள்.

மதியம் ரயில். காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஒரு பெண் வாளியில் ஆஸ்டர் பூ வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பூ.

"எத்தனை?"

"இரண்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டா, என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம், இரண்டு, என்றேன். நல்லதாகப் பார்த்து இரண்டை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அந்த நாட்டில் முதலில் விஷயம் தெரிந்தது அவளுக்குத்தான்.

அதே டம்ளரில் இரண்டையும் வைத்தேன். ஃபிரிட்ஜின் மேல், அவர் படத்துக்கு நேராக.

வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நீனாக்கா வந்தாள். பூவைப் பார்த்தாள். பழக்கத்தில் கை நீண்டது, ஒன்றை உருவ. பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

அவர் இறந்துவிட்டார், என்றேன். இரண்டு வருஷம் ஆகிறது. தமிழில்கூட இதை நான் சொன்னதில்லை. சுற்றியிருந்தவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அலமாரிக் கதவை அறைந்து சாத்தினாள். கோபம்தான்.

"நான் அந்த மனுசனுக்குக் காலுறை பின்னிக்கிட்டு இருந்திருக்கேன். ஏன் சொல்லல நீ?"

"இங்கே அவர் உயிரோடு இருந்தார், அக்கா."

அக்கா என்பது தமிழில் வந்துவிட்டது. எட்டு வாரத்தில் நான் விதியை மீறியது அந்த ஒரு முறைதான்.

அவள் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை என் பைக்குள் வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பயணத்துக்கு முன் வீட்டில் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், அது அவர்கள் வழக்கம். அவள் ஸ்டூலில். நான் பெட்டிமேல். அவர் ஃபிரிட்ஜில். வெளியே ஆகஸ்ட் வெயில் தெளிவாக இருந்தது.

எழுந்து படத்தை எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு இங்க இருக்கட்டும். காலுறைய நீ போட்டுக்க."

வள்ளியூரில் ஏது குளிர்? மார்கழியில் விடியற்காலை ஒருநாள் போட்டுப் பார்த்தேன். குதிகாலில் தொளதொளவென்று கிடந்தது. கழற்ற மனம் வரவில்லை.

ஒரு ரஷ்யக் குழந்தை ஊசியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. வலிக்காது என்று சொல்லத்தான் படிக்கப் போனேன். கொஞ்சம் வலிக்கும், என்றேன். அது என்னையே பார்த்துக்கொண்டு கையை நீட்டியது.

ஜூன் வந்தது. நீனாக்கா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஃபிரிட்ஜ். கரண்ட் பில். சிரித்துக்கொண்டிருக்கும் லிங்கதுரை. அவர் நெற்றியில் ஒரு பஞ்சு. கீழே ஒரு வரி. "இந்தத் தடவை நான் ஊதல. ஒனக்காக விட்டுவச்சேன்."

லேபில் யாரும் இல்லை. கைபேசியை முகத்தருகே கொண்டுவந்தேன். உதட்டைக் குவித்து, திரையில் மெதுவாக ஊதினேன்.