பெட்டிக்குள் கொஞ்சம் காற்று

ஸ்பீக்கர் பெட்டி வடிவமைக்கிறவனுக்குப் பெரிய எதிரி யார் என்று கேட்டால் சிலர் தூசி என்பார்கள், சிலர் ஈரம் என்பார்கள். அனுபவம் போதாதவர்கள். எதிரி முதலாளிதான். பெட்டிக்குள் எங்கேயாவது ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

எங்கள் முதலாளி ஜுவாங், தேநீருக்குப் பேர்போன சாவ்ஜோவ் ஊர்க்காரர். கட்டைவிரல் அளவுக் கோப்பைகளில் தேநீரை ஊற்றிக்கொண்டே இருப்பார். வந்தவர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து போவதற்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதித்திருப்பார். தென் சீனாவின் ஷென்ஜென் நகரத்துப் பாவ்ஆன் பகுதியில் இருக்கிறது எங்கள் பட்டறை. கைபேசிகளுக்கும் கையடக்கப் பாட்டுக் கருவிகளுக்கும் உள்ளே வைக்கிற ஸ்பீக்கர் பெட்டிகளை அங்கே நான்தான் வரைகிறேன்.

ஸ்பீக்கரின் சவ்வு முன்னால் போகும், பின்னால் வரும். முன்னால் போகும்போது நமக்குக் கேட்கிறது. பின்னால் வரும்போது அதன் முதுகுப் பக்கத்துக் காற்று எங்கேயாவது ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்க இடம் இல்லாவிட்டால் சவ்வு அசையாது. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு பாடச் சொன்னால் எவ்வளவு பெரிய பாடகனும் கீச்சென்றுதான் பாடுவான். பெட்டிக்குள் அந்த முதுகுக் காற்றுக்காக ஒரு வெற்றிடம் விடுவதுதான் என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒன்றுமில்லாததைச் செய்கிறவன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தப்பென்று சொல்ல முடியாது.

நகம் அளவுக்கு நான் இடம் விட்ட ஒரு கைபேசியில் முதலாளி டார்ச் விளக்கு வைத்தார். அடுத்ததில் சிகரெட் பற்றவைக்கும் லைட்டர். அதற்கடுத்ததில் முகம் மழிக்கும் பிளேடு. அந்த மாடலில் பாட்டு ஓடுகிறதா, மழிப்பு ஓடுகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரே ஒரு முறை, முன்னோர் சமாதியைச் சுத்தம் செய்ய அவர் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், ஒரு பெட்டி நான் வரைந்தபடியே வெளியே போய்விட்டது. ஹுவாச்சியாங்பெய் மின்சாதனச் சந்தையில் ஒரு கடைக்காரர் அந்தக் கைபேசியை மேஜைமேல் வைத்துப் பாட விட்டார். அது அதிர்ந்து அதிர்ந்து நடந்து, மேஜை விளிம்புக்குப் போய், மதியச் சாப்பாட்டு மீன் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. மூடியைப் போட்ட பிறகும் பாடியது. வாங்க வந்தவர் சட்டியோடு வேண்டும் என்றார். நியாயமான ஆசை. சட்டிக்குள் காற்று அதிகம்.

என் மனைவி வழியாகத்தானோ என்னவோ, இதெல்லாம் எங்கள் குடியிருப்பில் சாயங்கால ஆட்டத்தை நடத்துகிற லுவோ சுன்மேய்க்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் குடியிருப்பு வாசலில் வழிமறித்தாள். ஹூனான் மாகாணத்துக்காரி, அறுபத்தைந்து வயது, காய்கறிக்காரனும் அவளிடம் பேரம் பேசப் பயப்படுவான்.

"ஹோங் மாஸ்டர், தெனமும் சாயங்காலம் பால்கனியில நின்னு எங்க ஆட்டத்தப் பாக்குறீங்களே, அதெல்லாம் ஓசின்னு நெனச்சீங்களா?"

"துணி காயப் போட வர்றேன் அக்கா."

"சாயங்காலத்துலயா? அதே ஒத்தச் சட்டையவா?"

அவள் கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். குடியிருப்பு மேனேஜர் தாவ் ஒட்டிய அறிவிப்பு. நான்கு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் மூலையில் பெண்கள் ஆடுவதற்குச் சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர் இனிமேல் கூடாது; கையில் அடங்குவதாக இருக்க வேண்டும். நிலா விழாவுக்கு முந்தைய நாள் சத்தமானி கொண்டுவந்து அளப்பார்கள். அளவு தாண்டினால் ஆட்டம் நிறுத்தப்படும். "காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில்" மின்சாரக் கார்களுக்கு சார்ஜர் வைக்கப்படும்.

"கடையில கையடக்கமா ஒண்ணு வாங்கினேன்," என்றாள். "கோழிக்குஞ்சு மாதிரி கத்துது. தாளம் கெடைக்கல. பாதிப் பேருக்குக் காது மந்தம் மாஸ்டர். அந்த 'தும் தும்'முன்னு வருமே, அத வெச்சுத்தான் காலு போடுவாங்க. நேத்து ஆடினோம். முன்வரிசை கெழக்க போவுது, பின்வரிசை மேக்க போவுது."

"சத்தத்தக் கூட்டிப் பாத்தீங்களா?"

"கூட்டினா கோழிக்குஞ்சு பெரிய கோழி ஆவுது. அவ்வளவுதான். மீட்டரு துள்ளாதா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இங்க இருக்குறவங்க எல்லாம் வேற வேற ஊருலேருந்து புள்ள வீட்டுக்குச் சமைக்க வந்தவங்க. ஒருத்தி பேச்சு ஒருத்திக்குப் புரியாது. ஆட்டம்தான் எல்லாருக்கும் பொது. அந்த மூலை போச்சுன்னா அவங்கவங்க லிஃப்டுல ஏறிப் போயிருவாங்க மாஸ்டர். அப்புறம் எறங்கவே மாட்டாங்க."

அவள் சொன்னது என்னோடு பட்டறைக்கு வந்தது. காற்று ஒதுங்க இடம் இல்லாத பெட்டி என்னவாகும் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி கதையைக் கேட்டு மூன்று கோப்பை ஊற்றினார். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஆடுகிற அத்தைகள் அத்தனை பேர் கையிலும் ஒரு பெட்டி என்று அவர் கண்ணில் தெரிந்தது. உடனே வரையச் சொன்னார். வரைந்தேன். பார்த்தார்.

"இந்த மூலையில என்ன இருக்கு?"

"காத்து, மொதலாளி."

"காத்தா? அதான் வெளிய கொட்டிக் கெடக்கே. உள்ள வேற எதுக்கு? டார்ச்ச வை."

வைத்து வரைந்தேன். பிறகு பல கோப்பைத் தேநீர் குடித்து, வயிறு கெட்டு, டார்ச்சை எடுக்க அவரைச் சம்மதிக்க வைத்தேன். இரண்டாவது முறை வரைய உட்கார்ந்தேன். அங்கேதான் பஞ்சாங்கம் குறுக்கே வந்தது.

எங்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டி வார்க்கும் அச்சுக்கு இரும்பு வெட்டத் தொடங்குவதென்றால் நல்ல நேரம் பார்க்க வேண்டும். வறுத்த பன்றியைப் படைத்து, ஊதுபத்தி கொளுத்தி, குறித்த நேரத்தில் இயந்திரத்தைத் தட்டிவிட வேண்டும். பஞ்சாங்கத்தில் அந்த மாதத்துக்கே ஒரு காலை நேரம்தான் நன்றாக இருந்தது. என் புதிய வரைபடம் அதற்குள் முடியவில்லை. முதலாளி டார்ச் இருந்த பழைய வரைபடத்தை இயந்திரத்தில் போட்டு வெட்டச் சொல்லிவிட்டார்.

நான் ஓடிப்போய் நின்றபோது பன்றியின் காது என் தட்டில் வைக்கப்பட்டது.

"மொதலாளி, அது பழைய படம்!"

"படத்த எப்ப வேணும்னாலும் போடலாம், ஹோங். நேரம் போனா வருமா? சாப்புடு."

அச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியில் எது காலியோ, அச்சில் அது இரும்பு. இரும்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஓடி இறுகும். இரும்பை உருவினால் அந்த இடம் வெற்றிடம். ஆகவே பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் ஒன்றுமில்லாதது வேண்டுமென்றால், அச்சில் இன்னும் கொஞ்சம் இரும்பு வேண்டும். வெட்டிய இரும்பு திரும்பி வராது. பற்றவைத்துச் சேர்க்கலாம்தான். ஆனால் பன்றி படைத்துத் திறந்த அச்சில் நெருப்பு வைத்தால் தொழிலே எரிந்துபோகும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் ஒன்றுமில்லாததற்கு இப்படி ஒரு தட்டுப்பாடு வந்து நான் பார்த்ததில்லை.

முதல் பெட்டி வந்தது. டார்ச் இல்லை. டார்ச்சைத் தாங்குவதற்கான கட்டி மட்டும் அந்த மூலையில் கெட்டிப் பிளாஸ்டிக்காக அடைந்து கிடந்தது. பாட விட்டேன். கொசு.

வேறு வழியில்லாமல் அதைச் சுன்மேய் கையில் கொடுத்தேன். அவள் காதில் வைப்பதற்கு முன்னால் மூக்கில் வைத்தாள்.

"சீ! என்னா பிளாஸ்டிக் நாத்தம்! இத இடுப்புல கட்டிக்கிட்டு ஆடினா மயங்கி விழுந்துருவா ஒவ்வொருத்தியும்."

"பாட்டு எப்படி இருக்குன்னு கேளுங்க அக்கா."

"அத வீட்டுல போய்க் கேட்டுக்கறேன். நீங்க மொதல்ல நல்ல சாமானா வாங்கப் பழகுங்க."

மறுநாள் நான் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது கதவு இடிபட்டது. சுன்மேய் உள்ளே வந்து பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்குள்ள என்ன பண்ணி வெச்சீங்க?"

திட்டு வாங்கத் தயாராகி நின்றேன். அவள் பொத்தானை அழுத்தினாள்.

தும் என்றது. கிண்ணத்தில் தாறுமாறாகக் கிடந்த நூடுல்ஸ் ஒவ்வொன்றாக நேராகி ஒரே திசையில் படுத்தது. பக்கத்து வீட்டுத் தொட்டியில் கிடக்கும் ஆமை, அதன் சொந்தக்காரர் மறுநாள் சொன்னபடி, அந்த வருடத்தில் முதல்முறையாகத் தலையை நீட்டியது. என் வரைபடத்தில் அந்தச் சத்தத்துக்கு இடமே கிடையாது.

பின்பக்கத்தைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக ஒரு மூட்டை.

"என்ன அக்கா இது?"

"கரிதான். மூங்கில் கரி. செருப்பு அலமாரியில இருந்தத எடுத்து நசுக்கி, பழைய காலுறையில கட்டி வெச்சேன். நாத்தம் போவணும்ல? தொவச்ச காலுறைதான், மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க."

எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் கரிப் பை வைப்போம். புதுக் காருக்கு, புது வீட்டுக்கு, புது மருமகளின் துணி அலமாரிக்கு. ஆனால் பாடுகிற பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று என் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தோன்றாது. காலியாக வை, காலியாக வை என்றே படித்தவர்கள் நாங்கள்.

அவள் போன பிறகும் அந்த மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. சவ்வு நெருக்கும்போது காற்று போய் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. விடும்போது திரும்பி வருகிறது. பெட்டி தன்னை இன்னும் பெரிய பெட்டி என்று நினைத்துக்கொள்கிறது. வெளியே அதே அளவுதான். உள்ளே எதையோ வைத்ததால் இடம் கூடியிருக்கிறது. இப்படியும் ஒன்று நடக்கும் என்று தெரியாமலே ஒன்றுமில்லாததற்காக இத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் வெளியே தள்ளினால்தான் இடம் கிடைக்கும் என்றில்லை. உள்ளே வருவது எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். இதை முதலாளியிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆனால் கரி வாங்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"பாத்தியா!" என்று அவர் தேநீரைச் சிந்திவிட்டார். "எத்தன வருஷமாச் சொல்றேன், காலி எடத்துல எதையாவது வை, எதையாவது வைன்னு! இந்த ஹோங் கேட்டானா?"

நான் குனிந்து தேநீரைத் துடைத்தேன்.

அளக்கும் நாள் வந்தது. மேனேஜர் தாவ் மூலையில் சத்தமானியை ஒரு முக்காலியில் நிறுத்தினார். கையில் மடக்கு அளவுகோலும் இருந்தது. சார்ஜர் எங்கெங்கே வரும் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். பெண்கள் அந்தக் கோடுகளின்மேல்தான் வரிசையாக நின்றார்கள்.

சுன்மேய் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கூட்டட்டுமா?"

"வேணாம். பாதிக்குக் கீழயே இருக்கட்டும்."

"காதுல விழாதே மாஸ்டர்."

"காதுக்கு வேணாம். காலுக்குப் போதும்."

பாட்டு மெதுவாகத் தொடங்கியது. தாளம் கல்தரை வழியாக வந்தது. முன்வரிசை கிழக்கே போனது. பின்வரிசையும் கிழக்கே போனது. இப்படி ஒன்றாகப் போனதை நான் பால்கனியிலிருந்தும் பார்த்ததில்லை.

தாவ் சத்தமானியைப் பார்த்தார். எண் அசையவில்லை. மின்கலத்தைக் கழற்றித் தேய்த்துப் போட்டார். தட்டினார். அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து தாளத்துக்குக் குலுங்கிக்கொண்டிருந்தது; எண் மட்டும் அப்படியே நின்றது. அந்த மாதிரிக் கருவிகளை மனிதக் காதைப் பார்த்துச் செய்கிறார்கள். கீச்சுக் குரலுக்குத் துள்ளும். ஆழத்திலிருந்து வருவதைக் கண்டுகொள்ளாது.

"மீட்டர்ல ஒண்ணும் காட்டலையே, லுவோ அத்தை!"

"எங்களுக்கும் அவ்வளவாக் கேக்கல," என்றாள் சுன்மேய் ஆடிக்கொண்டே.

"அப்புறம் எத வெச்சு ஆடுறீங்க?"

"செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க தம்பி. சொன்னாப் புரியாது."

தாவ் சுற்றுமுற்றும் பார்த்தார். மேலே பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். பிறகு செருப்பைக் கழற்றி, ஒரு காலுறையில் பெருவிரல் தெரிய, கல்தரையில் நின்றார். பாட்டு முடியும்வரை நின்றார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கையிலிருந்த அளவுகோலைத் தன்னை அறியாமல் மடக்கிவிட்டார்.

பாட்டு நின்றது. பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். லிஃப்ட் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை.

"அறிவிப்புல கையடக்கம்னு போட்டிருக்கோம். அடங்குது," என்றார் தாவ், தனக்கே சொல்வதுபோல. "அளவும் தாண்டல. அதனால..." செருப்பைத் தேடி மாட்டினார். "சார்ஜர பின் வாசல் பக்கம் போட்டுக்கலாம்."

"கோட்ட யாரு அழிக்கிறது?" என்றாள் சுன்மேய்.

"நாளைக்கு ஆள அனுப்பறேன் அத்தை."

"வேணாம், விடுங்க. வரிசை நேரா வரதுக்கு ஆகும்."

அவர் போனார். அப்போது கடைசி வரிசையிலிருந்து, வடகிழக்குப் பக்கத்துக் கனத்த சட்டை போட்ட ஒருத்தி முன்னால் வந்து, சுன்மேயின் முழங்கையைத் தொட்டு ஏதோ கேட்டாள். அவள் வாய்திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பேச்சு எனக்குப் புரியவில்லை. சுன்மேய்க்கும் புரியவில்லை.

"ஆமா, நாளைக்கும் இங்கதான்," என்றாள் சுன்மேய், ஹூனான் பேச்சில்.

அது வந்தவளுக்குப் புரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் போய், சுண்ணாம்புக் கோட்டில் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.