ஏறிப் பார்க்காத மாடி

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த பழைய சத்திரம் இடிந்து விழும் நிலையில் இருப்பதாக அதை நிர்வகித்த டிரஸ்ட்டிலிருந்து கடிதம் வந்தபோது தபீதாளுக்கு ஆத்திரம்தான் வந்தது. பிரசவம் பார்க்கும் நர்ஸ் அவள். வலி எடுத்த பெண்களைச் செங்கல்பட்டுக்கோ எழும்பூருக்கோ ரயிலேற்றி, பாதி வழியிலேயே பிள்ளை பிறந்ததை எத்தனையோ முறை பார்த்தவள். பூட்டிக் கிடந்த சத்திரத்தைப் பிரசவ விடுதியாக்க மூன்று வருஷம் நடையாய் நடந்து, 1968-ல்தான் டிரஸ்ட்டின் சம்மதமும் சாவியும் வாங்கியிருந்தாள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள், இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போவதாக எழுதியிருந்தார் செயலாளர் பத்ரிநாராயணன். மாடித் தளம் முழுக்க விரிசல், உத்தரமெல்லாம் கரையான் என்று இன்ஜினியர் தட்சிணாமூர்த்தி கொடுத்த அறிக்கையும் கூடவே இருந்தது.

தபீதாள் பல்லாவரத்திலிருந்து பாட்சா மேஸ்திரியை வரவழைத்தாள். அவர் ஒரு நாள் முழுக்க உத்தரம் உத்தரமாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் தேக்கு. பின்கட்டில் மழைத்தண்ணீர்க் குழாய் அடைத்திருந்த மூலையில் மட்டும் ஒன்று உளுத்திருந்தது.

"கல்லு மாதிரி கீதுக்கா. ஒரே ஒரு உத்தரத்த மாத்தினா போதும். இத்தப் போய் எவன் இடிக்கச் சொன்னான்?"

டிரஸ்ட் கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே போய் நின்றாள்.

"இன்ஜினியர் சார், நீங்க மாடிக்கு எப்போ ஏறினீங்க?"

போன மாதம் என்றார் தட்சிணாமூர்த்தி.

"மாடிக் கதவுச் சாவி ஒண்ணே ஒண்ணுதான். வாங்கின நாள்லேர்ந்து என்கிட்டதான் இருக்கு. நீங்க கேட்கவே இல்லையே."

அவர் பத்ரிநாராயணனைப் பார்த்தார். பத்ரிநாராயணன் மின்விசிறியைப் பார்த்தார். மற்ற உறுப்பினர்கள் சத்திரத்தை இடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த வாரம் எழுத்தில் தருவதாகவும் சொன்னார்கள்.

அந்த எழுத்து வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தபீதாள் கோயிலில் ஆராதனை முடிந்து வந்து பார்த்தபோது சத்திரத்தின் முன்கூடம் தரைமட்டமாகக் கிடந்தது. தூண்கள் துண்டு துண்டாகத் தெருவில் உருண்டிருந்தன. இடிக்கும் ஆட்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை, தவறு நடந்துவிட்டது என்று பத்ரிநாராயணன் சொல்லி அனுப்பினார். மறுநாள் விடிந்ததும் அவளும் பாட்சாவின் ஆட்களும் பின்கட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். கடப்பாரையோடு வந்தவர்கள் மத்தியானம்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

டிரஸ்ட்டின் எழுத்து வந்தபோது மிஞ்சியிருந்தது பின்கட்டுதான். இடிபாட்டில் கிடந்த தேக்கு ஒன்றை எடுத்து உளுத்த உத்தரத்துக்குப் பதிலாக ஏற்றினார் பாட்சா. சமையல்கட்டு பிரசவ அறையானது. ஜன்னல்களை அகலப்படுத்தி, கிணற்றிலிருந்து குழாய் இழுத்து, ஆறு கட்டில் போட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், புதிதாகக் கட்டிய முன்வாசலில் டிரஸ்ட்காரர்கள் கல்வெட்டு பதித்தார்கள். 'இன்ஜினியர் தட்சிணாமூர்த்தி மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது.'

"ஒரு பேர்தானே சிஸ்டர், விடுங்க" என்றார் பத்ரிநாராயணன்.

"இடிக்கச் சொன்னவர் பேர் சார் அது. காப்பாத்தினவர் பாட்சா. பொய்யைக் கல்லுல வெட்டி வச்சிருக்கீங்க."

கல்லை யாரும் எடுக்கவில்லை. விழாவன்று அவள் மேடை ஏறவில்லை. அந்த விடுதியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள் தபீதாள். ஒரு நாள்கூட முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை.