கடைசியின் பெயர்

கனடாவில் என் பெயர் மிஸ்டர் சாம்பவி. சிரிக்க வேண்டாம், எனக்குக் கெட்ட கோபம் வரும். சாம்பவி என் கடைசித் தங்கச்சி. எண்பத்தேழில் ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அதிகாரி என்னிடம் 'லாஸ்ட் நேம்' என்ன என்று கேட்டார். லாஸ்ட் என்றால் கடைசி. எங்கள் வீட்டில் கடைசி யார்? சாம்பவி. இந்த மனுசனுக்கு அவளுடைய பெயர் எதற்கென்று யோசித்தபடியே சொன்னேன். அவர் எழுதிவிட்டார். இரத்தினவேல் சாம்பவி!

எட்டு வருடம் கழித்து, அதே சாம்பவிக்கு ஓகஸ்ட்டில் பாரிஸில் கலியாணம். அம்மாவும் அப்பாவும் இல்லை. தாரை வார்க்க நான்தான் நிற்க வேண்டும். பிரான்ஸ் விசா இரண்டு முறை கிடைக்கவில்லை. கனடாப் பாஸ்போர்ட் இருந்தால் போகலாம். அதற்குக் குடியுரிமை நீதிபதியின் நேர்முகத்தில் தேற வேண்டும். முதல்முறை பயத்தில் தலைநகரம் ரொறன்ரோ என்று உளறித் தோற்றவன் நான்.

ரெக்ஸ்டேல் பேக்கரியில் எனக்குப் பக்கத்தில் பாண் பொதி செய்பவள் வேரோனிக்கா. மோகாக் இனத்தவள், இந்த மண்ணின் பூர்வகுடி. சாப்பாட்டு நேரத்தில் நான் சத்தமாகப் பாடமாக்கினேன்: "கனடாவைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு மாலுமி கார்ட்டியே."

அவள் சான்ட்விச்சைக் கீழே வைத்தாள். இங்கிலிசில் அவள் கேட்டதை என் தமிழில் சொல்கிறேன்: "கண்டுபிடிச்சவரோ? நாங்கள் எப்ப துலைஞ்சுபோனனாங்கள்?"

பிறகு கதையைச் சொன்னாள். கார்ட்டியேயின் கப்பலில் இருந்த இரண்டு பூர்வகுடி இளைஞர்கள் தங்கள் குடியிருப்பைக் காட்டி 'கனாட்டா' என்றார்களாம். அவர்களுடைய மொழியில் அது வெறும் 'ஊர்'. மோகாக் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். பிரெஞ்சுக்காரர் அதை அந்தப் பிரதேசத்தின் பெயர் என்று நினைத்து எழுதிவிட்டார்.

நான் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன். "அட கடவுளே, உது என்ரை கதையெல்லோ!"

என் பெயர் வந்த விதத்தைச் சொன்னதும் வேரோனிக்கா மேசையில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை. மனைவி கோணேஸ்வரி வாசலில் வைத்து என் கொலரை இழுத்துவிட்டாள். "இஞ்சாருங்கோ, இந்தமுறை உளறாதேங்கோ."

நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தலைநகரம்? ஒட்டாவா! அடுத்த கேள்வி: "மிஸ்டர் சாம்பவி, கனடா என்ற பெயர் எப்படி வந்தது?"

ஊருக்கு இங்கிலிசில் என்ன? தெரிந்த சொல், நாக்கில் வரவில்லை. மணவறையில் சாம்பவி தனியே நிற்பது கண்ணில் வந்தது. நீதிபதி பொறுமையாக மறுபடியும், "மிஸ்டர் சாம்பவி?" என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது! "மேடம், எனக்கு இந்தப் பெயர் வந்த மாதிரித்தான்!" என்று தொடங்கி, தெரிந்த இங்கிலிசில் கொட்டித் தீர்த்தேன். உங்கள் ஆள் கடைசிப் பெயரைக் கேட்டார், நான் கடைசித் தங்கச்சியைச் சொன்னேன். கார்ட்டியேக்கு அவர்கள் தங்கள் ஊரைச் சொன்னார்கள், அவர் நாடு என்று எழுதினார். பெயர் நின்றுவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்படியென்றால் அங்கே முதலே ஆட்கள் இருந்தார்களா?"

"இல்லாமல்? பெயரைச் சொன்னதே அவர்கள்தானே, மேடம்!"

அவர் கையெழுத்து வைத்தார். எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. "உங்கள் பெயரைத் திருத்த விண்ணப்பிக்கலாமே" என்றார்.

"இவ்வளவு பெரிய நாடே திருத்தவில்லை, மேடம். எனக்கு மட்டும் எதற்கு?"

வெளியே ஓடிவந்து, பொதுத் தொலைபேசியில் பாரிஸுக்கு எடுத்தேன்.

"எடி சாம்பவி! நீ கலியாணம் முடிச்சு என்ன பெயரையும் வைச்சுக்கொள். உன்ரை பெயர் இஞ்சை என்னட்டை இருக்கு. அதோடைதான் ஓகஸ்ட்டிலை வாறன்!"