பின்ன வகுத்தலுக்கு நான் தலையாட்டவில்லை

இலவசப் பாடங்களின் தரத்தை என் கழுத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். நான் தலையாட்டினால் பாடம் தேறிவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கே புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்பது பாடநூல் அலுவலக விதி.

எனக்குக் கூச்சம் அதிகம். இதுவரை எல்லாவற்றுக்கும் ஆட்டியிருக்கிறேன்.

அன்று பின்ன வகுத்தல் வந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏழாம் வகுப்பில் புரியாமல் போய், எட்டாம் வகுப்பில் என்னை வீட்டுக்கு அனுப்பியது அதுதான்.

அதிகாரி எஸ்தர் மேடம் அதை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

“எழுத்துப்பிழை இல்ல. படமெல்லாம் கலரு. வீடியோ சுத்தாம ஓடுது. பவுன்தாயி, ஆட்டு.”

பாடம் எழுந்து ஒப்பித்தது. “ஆறை அரையால் வகுக்க, அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கு. விடை பன்னிரண்டு. புரிந்ததா?”

சுவருக்குள்ளிருந்து ஒரு வகுப்பு மொத்தமும் கத்தியது. “புரிஞ்சுது டீச்சர்!”

“ஏன் தலைகீழா?” என்றேன்.

அறை தலைகீழானது. மின்விசிறி காலடியில் சுற்றியது. மேடத்தின் புடவை மடிப்பு கலையவில்லை.

“இப்பப் புரியுதா?”

“இல்ல மேடம்.”

“ஒன் தங்கச்சி ஏழாங்கிளாஸ்தான? திங்கக்கெழம அவளுக்கு இதத்தான் நடத்தப் போறாங்க. நீ ஆட்டலன்னா அவளுக்குப் பாடமே கெடையாது.”

“ஆட்டுனா அவளும் என்னைய மாதிரி வீட்டுல உக்காந்துருவா.”

“அடேயப்பா. வாய் எப்ப மொளச்சுது?”

இரண்டு பியூன்கள் வந்து என் தலையைப் பிடித்து ஆட்டினார்கள். தலை அசையவில்லை. கட்டடம்தான் மேலும் கீழும் ஆடியது.

பாடத்தின் முதுகில், ‘யாரும் எடுக்கலாம், திருத்தலாம்’ என்று அச்சிட்டிருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“கிழிச்சிராதக்கா” என்றது பாடம்.

“பேசாம நில்லு.”

சட்டையிலிருந்த தலைகீழ் வரியைப் பேனாவால் அடித்தேன். அதன் மேல் எழுதினேன்: ‘ஆறு தோசை இருக்கிறது. ஆளுக்கு அரை. எத்தனை பேர் சாப்பிடலாம்?’

சுவருக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. “புரியல.” இன்னொன்று. பிறகு வகுப்பு மொத்தமும்.

மேடம் சிரித்தார். “கேட்டியா? ஒன்னோடதும் தேறல.”

“கேட்டேன் மேடம். இந்த ஆபீஸ்ல தோசக்கல்லு எங்க இருக்கு?”

சுவருக்குள் எல்லோரும் நகர்ந்து, பந்திக்கு நெருக்கி உட்காரும் சத்தம் கேட்டது.