கொழும்புக்கு இன்னும் ஒரு கட்டை

இறந்துபோன உசனாரின் மையத்தைக் குளிப்பாட்டுவதற்காக நாலு பேர் சேர்ந்து தூக்கியபோது, தலைமாட்டில் இருந்த தகரப் பேணி உருண்டு வந்து அவர் பெண்சாதி கைறுன்னிஸாவின் காலடியில் நின்றது. யாரும் பார்க்கும்முன் அதை எடுத்துச் சேலைக்குள் செருகிக்கொண்டாள். பேணிக்குள் இருந்தது மருந்தல்ல, தூள். மிளகு, சீரகம், கறுவா, ஒரு பிடி அரிசி எல்லாவற்றையும் வறுத்து அவளே இடித்தது. முந்திய நாள் மாலை வெறுங்கஞ்சியைக் கொடுத்தபோது மனிதர் முகத்தைச் சுளித்தார். "ஒரு கிள்ளுத் தூள் போடு புள்ள, நாக்குக்கு உசிர் வரட்டும்" என்று கேட்டு வாங்கி, கோப்பையை வழித்துக் குடித்துவிட்டுத்தான் படுத்தார். சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனால் ஆள் இல்லை.

காத்தான்குடியில் வெறுமனே உசனார் என்றால் எந்த உசனார் என்று கேட்பார்கள். கொழும்பு உசனார் என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். சந்தையடியில் அவருக்கு ஒரு புடவைக்கடை இருந்தது. அங்கே சாரம் வாங்க வந்தவர்களைவிட, கொழும்பில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்க வந்தவர்கள்தான் அதிகம். வழக்குக்குப் போகிறவர், கண் வைத்தியத்துக்குப் போகிறவர், சரக்கெடுக்கப் போகிறவர் எல்லாரும் கோச்சி ரயிலில் ஏறுவதற்கு முதல்நாள் அவரிடம் வந்து குந்துவார்கள்.

"மருதானையில இறங்கினா முன்னால மினுங்கிற கடைக்குப் போயிராதீங்க. அங்க கண்ணாடிக்குத்தான் காசி. பின்சந்துக்குள்ள போங்க, அப்பம் சுடுற மணம் ஒங்களக் கூட்டிட்டுப் போகும். ஆட்டுக்கால் ஆணம் வேணுமெண்டா அஞ்சுலாம்புச் சந்தி நெய்னா கடை. வாசலுக்கு நேர இரிக்கிற மேசையில இரிங்க. சட்டிக்கு அடியில இரிக்கிறத அள்ளித் தரச்சொல்லி, நான் சொன்னனெண்டு சொல்லுங்க. முதல் வாய்க்கு மிளகு தெரியும். ரெண்டாம் வாய்க்குத் தேங்காய்ப்பால் தெரியும். மூணாம் வாய்க்கு ஒங்கட பேர் ஒங்களுக்கு மறந்து போகும்."

இப்போது விறாந்தையில் கூடியிருந்த ஆண்கள் அதையெல்லாம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். புருஷனை இழந்த கைறுன்னிஸா இத்தாவில் இருக்க வேண்டியவள், அந்நிய ஆண்களுக்கு முன்னால் போகக்கூடாது. அறைவாசலில் தொங்கிய சீலைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு காதை மட்டும் வெளியே அனுப்பியிருந்தாள். பக்கத்தில் உசனாரின் கூடப்பிறந்த ராத்தா ஆயிஷா உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது அரைவாசிதான் கேட்கும். மூக்கு மட்டும் முழுசாக வேலை செய்தது.

வெல்லாவெளியிலிருந்து வந்திருந்த இளையதம்பியின் குரல் கேட்டது. "வயல் வழக்குக்குத்தான் போனன். வழக்குத் தோத்துப் போச்சு. ஆனா உசனார் சொன்ன செட்டியார் தெருச் சைவக்கடையில சாப்பிட்டன் பாருங்க, அதுக்காக இன்னொருக்காத் தோக்கவும் எனக்குச் சம்மதம்."

விறாந்தையே சிரித்தது. பிறகு மரண வீடு என்ற நினைவு வந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தொண்டையைச் செருமினார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தது கைறுன்னிஸாவுக்கு. அவர் இருந்திருந்தால் அந்த வழக்கில் தோற்ற அன்று என்ன பொரியல் வைத்தார்கள் என்று கேட்டிருப்பார்.

அவளை அரித்தது வேறொன்று. கொழும்பு உசனார் தன் ஆயுளில் ஒரு தடவைகூடக் கொழும்பைக் கண்டதில்லை. அது அல்லாஹ்வுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

கோச்சி ஓடத் தொடங்கிய புதுசில் ஒரேயொரு தடவை புறப்பட்டார். தெருவே கூடி வழியனுப்பியது. கோச்சிகள் பிரியும் கல்லோயாச் சந்தியில் வண்டி நின்றபோது வடை பொரியும் மணம் வந்தது. மணம் வந்தால் அவருடைய கால் அவர் சொல்லைக் கேட்காது. இறங்கிச் சாப்பிட்டார், இன்னொரு தரமும் சாப்பிட்டார், ஓடிவந்து கையில் பட்ட பெட்டியில் ஏறி நிம்மதியாக நித்திரை கொண்டார். விடிந்தபோது கடல் தெரிந்தது, கப்பல் நின்றது, விசாரித்தால் கோட்டையும் இருந்தது. நடந்து நடந்து நாலு கடையில் சாப்பிட்டுவிட்டு, டிராம் வண்டி எங்கே ஓடுகிறது என்று ஒருவரிடம் கேட்டார். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிறகுதான், தான் இறங்கியிருப்பது திருகோணமலை என்று அவருக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, "கொழும்பு எப்பிடி?" என்று கேட்டார்கள். "சாப்பாடு நல்லம்" என்றார். சாப்பாடு நல்லாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. மிச்சத்தை ஊரே சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் எங்கே போவது? தனியாகப் போகக் கல்லோயாவை நினைத்துப் பயம். ஆளோடு போனால் குட்டு வெளிப்படும். அதனால் போய்வந்தவர்களைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி கொடுத்து உட்கார்த்தி, ஆணம் விரலில் ஒட்டியதா வழிந்ததா, மிளகு நாக்கில் ஏறியதா தொண்டையில் ஏறியதா என்று குறுக்கு விசாரணை செய்வார். ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் ஒத்துப்பார்ப்பார். கொழும்பில் பிறந்தவனும் இவ்வளவு கடையில் வாய் வைத்திருக்கமாட்டான்.

கேட்டதையெல்லாம் இரவு அவளிடம் வந்து கொட்டுவார். பிள்ளையில்லாத வீடு. புருஷனும் பெண்சாதியும் பேசுவதற்குச் சாப்பாடுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் நெய்னா கடை ஆட்டுக்கால் ஆணத்தை அவள் தன் அடுப்பில் வைத்துப் பார்ப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிக் குடிப்பார், எலும்பைத் தட்டுவார், கோப்பையை நக்குவார். எல்லாம் முடிந்த பிறகு தலையை ஆட்டுவார். "கிட்ட வந்திட்டாய் புள்ள. கொழும்புக்கு இன்னும் ஒரு கட்டைதான் இரிக்கி." அந்த ஒரு மைலைக் கடக்கத்தான் அவள் வருஷக்கணக்காக வறுத்தாள், இடித்தாள், மாற்றினாள். கட்டை குறையவேயில்லை.

வெயில் ஏறும் நேரம் வாசலில் மாட்டுக்கரத்தை ஒன்று வந்து நின்றது. ஊருக்குப் பழக்கமில்லாத குரல் கேட்டது.

"உசனார் காக்கா வீடு இதுதானுங்களா? நான் கொழும்புலேந்து வர்றேன். அஞ்சுலாம்புச் சந்தியில சாப்பாட்டுக்கடை வச்சிருக்கேன். நெய்னான்னு சொல்லுவாங்க. எத்தனை வருஷமா எனக்கு ஆள் அனுப்புற மனுஷன், ஒரு தடவை பாத்துட்டுப் போவோம்னு…"

பேச்சு அப்படியே நின்றது. வாசலில் கவிழ்ந்து கிடந்த செருப்புகளையும், மையத்தைச் சுமக்கச் சாய்த்து வைத்திருந்த சந்தூக்கையும் அப்போதுதான் கண்டிருக்க வேண்டும். "இன்னாலில்லாஹி" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

கைறுன்னிஸா சீலையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வந்து சேர்ந்தானே! இத்தனை வருஷமாகக் காத்த பேரை, மண்ணுக்குள் வைக்கும் நாளில் காற்றில் பறக்கவிடவா வந்தான்? ஊர் அடக்கம் செய்யப்போவது உசனாரையா, பொய்க்காரனையா?

உசனாரின் தம்பி மர்சூக் வந்தவரை அழைத்து உட்காரவைத்தான். ஆள்கள் மாறி மாறி நெய்னாவின் ஆணத்தைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சிக்கு நடுவே எதிர்க்கடை றவூப்பின் குரல் எழுந்தது. அவனுக்கு எப்போதும் உசனார் மேல் ஒரு சந்தேகம் உண்டு.

"முதலாளி, ஒரு விசயம் கேக்கணும். எங்கட உசனார் காக்கா கடைசியா எப்ப ஒங்கட கடைக்கு வந்தாரு? எங்களுக்குத் தெரிஞ்சு அவரு கோச்சி ஏறினதே ஒரு தரம்தான்."

கைறுன்னிஸா சீலை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

நெய்னா எழுந்தார். "மொதல்ல அவர் முகத்தைப் பாக்கணும்" என்றார். கபன் துணி இட்டு முடித்திருந்தார்கள். மர்சூக் முகத்துத் துணியை விலக்கினான். சீலை இடுக்கால் அவளுக்கு நெய்னாவின் பருத்த முதுகு மட்டும் தெரிந்தது. முதுகு அசையாமல் நின்றது.

"இவரா!" என்றார் நெய்னா. "இவரை எனக்குத் தெரியாதா? எப்ப வந்தார்னா கேக்குறீங்க? வாசலுக்கு நேரா உள்ள மேசை இவரோட மேசைதான். என் கடையில வேலை செய்ற எவனைக் கேட்டாலும் சொல்லுவான், உசனார் மேசைன்னு."

"அப்பிடிச் சொல்லுங்க" என்றார் இளையதம்பி, தானே வழக்கில் வென்றதுபோல. றவூப் வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கைறுன்னிஸா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். நெய்னா சலாம் சொல்வதற்காகச் சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மர்சூக் விரிக்கப் பாய் எடுக்கப் போயிருந்தான்.

"தங்கச்சி" என்றார் தாழ்ந்த குரலில். "காலையில ஒரு பொய் சொல்லிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அவர் முகத்தை நான் இன்னிக்குத்தான் பாத்தேன். ஆனா மேசை சொன்னது நெசம். மட்டக்களப்பு ஆள்னா அங்கதான் உக்காருவாங்க. எல்லாரும் அவர் பேரைத்தான் சொல்லுவாங்க. ஒவ்வொரு மட்டக்களப்பு முகத்தையும் இவரா இருக்குமோன்னு பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப்போச்சு. ஏன் தங்கச்சி, ஒரு தடவைகூட வரலையே மனுஷன்?"

யாரிடமும் சொல்லாததை ஒரு அந்நியனிடம் சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ.

"கல்லோயாவுல வடை திண்டுட்டு, கோச்சி மாறித் திருகோணமலைக்குப் போயிட்டாரு" என்றாள்.

அந்தப் பக்கம் தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய உடம்பு குலுங்குவது தெரிந்தது. அவளுக்கும் உதட்டில் சிரிப்பு வந்தது. ஆயிஷா உம்மா, "என்னகா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"துஆ ஓதுறாராம் மச்சி" என்றாள் கைறுன்னிஸா.

மையத்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவரும். இன்றைய சாப்பாடு என்னுடையது என்று நெய்னா பிடிவாதமாக நின்றார். மர்சூக் ஆட்டுக்கால் தேடி ஓடினான். அடுத்த வளவில் அடுப்பு மூட்டி, சாரத்தை மடித்துக் கட்டி, முதலாளியே அகப்பையைப் பிடித்தார். மஹ்ரிப் தொழுகைக்கு முன்பே வேலிக்கு மேலால் மணம் வந்துவிட்டது. ஆயிஷா உம்மாவின் தஸ்பீஹ் கொஞ்சம் வேகமாக உருண்டது.

விளக்கேற்றிய பிறகு அப்பமும் ஆணக் கோப்பைகளும் அறைக்குள் வந்தன. பெண்கள் கைறுன்னிஸாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து அவள் பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை.

"தின்னுகா. அவன் வாய் ஓயாமச் சொன்ன ஆணம் இது" என்றாள் ஆயிஷா உம்மா.

அப்பத்தைப் பிய்த்துத் தோய்த்து வாயில் வைத்தாள். மிளகு தெரிந்தது. இரண்டாம் வாய்க்குத் தேங்காய்ப்பால் தெரிந்தது, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றாம் வாயை மென்றுகொண்டே காத்திருந்தாள். அவளுடைய பேர் மறக்கவில்லை. கைறுன்னிஸா, காத்தான்குடி, கொழும்பு உசனாரின் பெண்சாதி என்று எல்லாம் நன்றாக நினைவிருந்தது. நாலாம் வாய்க்கும் அப்படியே.

ஆணம் நல்ல ஆணம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வெள்ளிக்கிழமை?

அவள் கொழும்பை எப்போதோ தாண்டிவிட்டாள். தூளுக்கு அரிசி வறுத்துச் சேர்க்கத் தொடங்கிய வருஷமே தாண்டியிருப்பாள். அதற்குப் பிறகு எத்தனை கட்டை போனாளோ, கணக்கில்லை. அவரானால் கோப்பையை நக்கி வைத்துவிட்டு, இன்னும் ஒரு கட்டை, இன்னும் ஒரு கட்டை என்று. தெரியாமல் சொன்னாரா? இல்லை, அடுத்த வெள்ளிக்கிழமையும் வேண்டும் என்று தெரிந்தே சொன்னாரா, கள்ளன்?

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் முதுகைத் தடவினார்கள். கண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது. "இஞ்சருங்க" என்று அவரிடம் சொல்ல வாயெடுத்துத் திரும்பினாள். சுருட்டி வைத்த பாய்தான் சுவரோரம் நின்றது. இதை வேறு யாரிடம் சொல்வது, சொன்னால்தான் யாருக்கு விளங்கும்?

சீலைக்கு வெளியே நெய்னாவின் குரல் கேட்டது. "எப்படி இருக்கு தங்கச்சி? அவர் சொன்ன மாதிரி இருக்கா?"

விறாந்தையில் பேச்சு நின்றது. றவூப்பும் கேட்டுக்கொண்டிருப்பான்.

"அவரு சொன்னாப்போலதான் இரிக்கி" என்றாள் கைறுன்னிஸா எல்லாருக்கும் கேட்க. "ஒரு குறையும் இல்ல."

அந்தப் பக்கம் பேச்சுத் தொடங்கியதும், சேலைக்குள்ளிருந்த பேணியை எடுத்து நகத்தால் மூடியை நெம்பினாள். கோப்பையில் ஒரு கிள்ளுத் தூள் போட்டாள். யோசித்துவிட்டு இன்னொரு கிள்ளும் போட்டு விரலால் கலக்கினாள்.

ஆயிஷா உம்மாவின் மூக்கு விரிந்தது. ஒன்றும் கேட்காமல் தன் கோப்பையையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.