கழுத்தளவு

தங்கையின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் இஞ்ச் டேப். முப்பது வருடமாகத் துணி தைக்கிறேன். அவள் கழுத்தளவு எனக்கு மனப்பாடம். போன மாதம் சட்டைக்கு அளவெடுத்தபோது அரை அங்குலம் கூடியிருந்தது. ஊசி குத்திச் சோதித்த டாக்டர், "தள்ளிப்போடாதீங்க, வர்ற செவ்வாய்க்கிழமையே எடுத்துடலாம்" என்றார். இவளோ அலுவலகத் தோழியின் பேச்சைக் கேட்டு, "குரு சரின்னு சொன்னாத்தான் ஆபரேஷன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்த குருவுக்கு நான் வைத்த பெயர் கதம்பம். ஜாதகம் பார்ப்பார், சீட்டு எடுப்பார், படிகத்தை நூலில் தொங்கவிட்டு ஆட்டுவார், உடம்பில் ஏழு சக்கரமும் சரியாகச் சுழல்கிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பார். ஒன்றில் சிக்காத ஆள் இன்னொன்றில் சிக்காமலா போய்விடுவார்! நேரம் கேட்டு போன் செய்தது நான்தான். பிறந்த தேதியும் நேரமும் கேட்டார்கள். தங்கையுடையதைச் சொல்லாமல் என்னுடையதைச் சொன்னேன். ஆள் கையும் களவுமாகப் பிடிபடட்டும் என்றுதான்.

முன்னறையில் ஊதுபத்திப் புகை மூக்கைத் துளைத்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தண்ணீர் கொடுத்துவிட்டு, "என்னக்கா, இந்த வெயில்ல கழுத்தைச் சுத்தித் துணி?" என்று தங்கையிடம் தேனொழுகக் கேட்டாள். இவளுக்கு அது போதாதா? கட்டி, ஊசி, செவ்வாய்க்கிழமை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான் காலை மிதித்தும் நிறுத்தவில்லை. அப்போதுதான் உள்ளறைத் திரையைக் கவனித்தேன். தைத்த புண்ணியவான் அதை நாலு விரல் கட்டையாகத் தைத்திருந்தார். அந்த இடைவெளியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. எங்கள் பக்கம் பார்த்தபடி அசையாமல் நின்றன.

உள்ளே கூப்பிட்டபோது கதம்பம் கண்ணை மூடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணினியில் ஜாதகக் கட்டத்தைப் பார்த்தார். படிகத்தை ஆட்டினார். பிறகு தங்கையின் தொண்டைக்கு நேராகக் கையை நீட்டி முகம் சுளித்தார்.

"ரெண்டாம் இடத்துல சனி. தொண்டைச் சக்கரம் அடைஞ்சு கிடக்கு. அங்க ஒரு கட்டி இருக்கணுமே? சனி நகர இன்னும் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கத்தி படக்கூடாது."

"பாத்தியாக்கா, புட்டுப் புட்டு வைக்கிறாரு" என்று தங்கை கண் கலங்கினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது இவ ஜாதகமே இல்லைங்க, என்னோடது. உங்க கிரகம் திரைக்குப் பின்னால நின்னு ஒட்டுக்கேட்டதை நான் பாத்தேன். முதல்ல அந்தத் திரையை நீளமா தைக்கச் சொல்லுங்க."

தங்கை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குனிந்து அவர் பாதங்களைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

அவர் பதறுவார் என்று நினைத்தேன். அசரவே இல்லை. படிகத்தை நிதானமாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "உங்க கட்டம்னா, நான் சொன்னது உங்களுக்குத்தாம்மா. தொண்டையைப் பாத்துக்கங்க" என்றார்.

"போய்யா!" என்று தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கட்டியை எடுத்தார்கள். நல்லவேளை, மூன்று மாதம் விட்டிருந்தால் கழுத்து முழுக்கப் பரவியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்த ஆள் புளுகன். யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். பாதங்களை என் கண்ணாலேயே பார்த்தேனே! ஆனாலும் தினமும் காலையில் கடையைத் திறந்ததும், யாரும் வருவதற்கு முன், டேப்பை என் கழுத்தில் சுற்றிப் பார்க்கிறேன். பதிமூன்றரை. நேற்றும் பதிமூன்றரைதான். இன்று மூன்றாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, கட்டுப் பிரித்த கழுத்தோடு தங்கை உள்ளே வந்தாள்.

"என்னக்கா பண்றே? அளவு கூடியிருக்கா?"

"இல்லடி, அப்படியேதான் இருக்கு" என்றேன். "ஆனா இது பழைய டேப். இழுபட்டு நீண்டிருந்தா அளவைக் குறைச்சுக் காட்டும். சாயங்காலம் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா."