ஞாயிறு கணக்கில் இல்லை

லண்டன் செவன் கிங்ஸ் பரிசுத்த சீலா ஆலயத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலமான லெந்து காலத்துக்கு எதை விடுவதாக எழுதிக் கொடுக்கிறீர்களோ, அது வீட்டைவிட்டுப் போய்விடும். சாம்பற் புதன் காலையில் நெற்றியில் கரிச்சிலுவையோடு திரும்பி வந்து தேடினால் இருக்காது. இது எந்த ஆண்டு தொடங்கியது என்பதில் சபைக்குள் இரண்டு கட்சி உண்டு. 1983 என்பவர்கள்தான் அதிகம். ஆலயக் கூரை ஒழுகத் தொடங்கியதும் அந்த ஆண்டு என்பதால் நினைவு வைத்திருக்கிறார்கள். நடைமுறை எளிமையானது. முதல்நாள் செவ்வாய் மாலை ஆலய மண்டபத்தில் பான்கேக் சுடுவார்கள். தின்று முடித்தவர்கள் தாங்கள் விடப்போவதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போடுவார்கள். விகார் பில்லிங்ஸ் எதையும் பிரித்துப் பார்க்கமாட்டார். மறுநாள் காலை, போன வருடத்துக் குருத்தோலைச் சிலுவைகளோடு அந்தத் துண்டுகளையும் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் எல்லோருடைய நெற்றியிலும் பூசுவார்.

ஆலய வார்டன் மிசிஸ் ஹாலட் தொலைக்காட்சியை விட்ட ஆண்டு, பெட்டி இருந்த இடத்தில் கம்பளத்தின் மேல் நான்கு பள்ளங்கள் மட்டும் இருந்தன. யோகராஜா ஓராண்டு கோபத்தை விட்டார். கறியில் உப்பில்லாவிட்டாலும், பஸ் தவறினாலும், பெடியன் கணக்கில் தோற்றாலும் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார். கோபம் நிரந்தரமாகத் திரும்பிய உயிர்த்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவருடைய தேத்தண்ணிக் கோப்பை சுவரில் பட்டு உடைந்தபோது, அவர் மனைவி சிவனேஸ்வரி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். விகார் இதைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்து வந்த பதிலில் கூரையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

ஒரு விஷயத்தைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். சாம்பற் புதனில் இருந்து உயிர்த்த ஞாயிறு வரை எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் வரும். லெந்து நாற்பது நாள்தான். இடையில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் ஆண்டவருடைய நாட்கள் என்பதால் கணக்கில் சேராது. எனவே விட்ட பொருள் ஞாயிறு விடியத் திரும்பி வரும். திங்கள் விடிய மறுபடியும் போகும். மிசிஸ் ஹாலட்டின் பெட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் இடத்தில் வந்து நின்றது, தொட்டால் லேசாகச் சூடு இருந்தது.

எட்வேட்டும் தவமலரும் இந்தச் சபைக்கு வந்தது 1985இல். நல்லூரில் பரம்பரையாக அங்கிலிக்கன் குடும்பம். எட்வேட்டுக்கு இல்ஃபர்ட் தபாலகத்தில் கடிதம் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. ஒரே மகன் ஜெபநேசனைக் கூட்டி வரவில்லை. பள்ளியின் கடைசிப் பரீட்சை, ஏ.எல். சோதினை முடியட்டும், பிறகு வரட்டும் என்று சொன்னவர் எட்வேட்தான். தவமலர் அவனை விட்டு வர வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், பலிக்கவில்லை. சோதினை ஒருமுறை தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறை தள்ளிப்போனது. 1987 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போனவன், எங்கிருந்தோ வந்து விழுந்த ஷெல்லில் றோட்டிலேயே முடிந்துபோனான். வயது பத்தொன்பது. நல்லூர்க் குருவானவர் எழுதிய கடிதம் கொழும்பு சுற்றி வந்துசேர ஐந்து கிழமை எடுத்தது. அந்த ஐந்து கிழமையும் எட்வேட் அவனுக்குக் குளிர் சட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசியில் பான்கேக் மாலை வந்தது. எட்வேட் வழக்கம்போல இறைச்சி என்று எழுதினார். தவமலர் பென்சிலை வாங்கி, ‘மகன்ட சாவு’ என்று எழுதி, மடித்து, டின்னுக்குள் போட்டாள்.

புதன்கிழமை மதியம் மேசை லாச்சியில் குருவானவரின் கடிதம் இல்லை. வியாழன் காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது. தவமலர்தான் எடுத்தாள். ‘அம்மா, நான் தான்’ என்றான் ஜெபநேசன். ‘இஞ்சை ஒரே கேபியூ, வெளியில போகேலாது. சோதினை எப்பவாம் எண்டு அப்பாவுக்கு ஏதும் தெரியுமோ?’ யாழ்ப்பாணத்தில் அப்போது லண்டனுக்குப் பேசக்கூடிய தொலைபேசியை விரல்விட்டு எண்ணலாம். சில ஆண்டுகளில் ஊரில் மின்சாரமும் போய்விட்டது. ஆனாலும் லெந்து நாட்களில் ஏழரைக்கு மணி அடிப்பது ஒருநாளும் தவறவில்லை.

முதல் ஞாயிறு விடிந்தபோது கடிதம் லாச்சிக்குள் இருந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. தவமலர் அதைப் பிரித்து, முதல்முறை வாசிப்பதுபோல வாசித்து, முதல்முறை விழுந்த அதே இடத்தில் விழுந்தாள். திங்கள் காலை ஏழரைக்கு அவன் பேசினான். அப்படி ஆறு ஞாயிறு, ஏழாவதாக உயிர்த்த ஞாயிறு. சபை எழுந்து நின்று பாட, தவமலர் மட்டும் வாங்கில் குந்தியிருந்தாள், அதற்குப் பிறகு திங்கட்கிழமை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவளுடைய ஆண்டுக்கு நாற்பது நாள்தான். மிச்ச நாட்களில் ஒரு தையல் ஃபக்டரியில் காற்சட்டைக்கு ஸிப் வைத்தாள், ஒருவரோடும் பேசவில்லை. லெந்து வந்தால் பட்டுச்சேலை எடுப்பாள், தலைக்குப் பூ தேடுவாள். ஆலயம் முழுக்க ஊதாத்துணி போர்த்தியிருக்க அவள் மட்டும் மாம்பழ மஞ்சளில் வந்து நிற்பதைப் பார்த்து மிசிஸ் ஹாலட் உதட்டைக் கடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எட்வேட் ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

‘ஒரு நாள் தானே’ என்றாள் தவமலர். ‘எனக்குத்தானே நோகுது. நான் தாங்குவன்.’

1989ஆம் ஆண்டு, பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை. தவமலர் அப்டன் பார்க்கில் மீன் நல்லது விழும் என்று விடியவே போய்விட்டாள். தொலைபேசியை எட்வேட் எடுத்தார். மகன் வழமைபோலச் சோதினையைப் பற்றிக் கேட்டான். அவனுக்கு எப்போதும் 1987தான். பிறகு, ‘அப்பா, நாளைக்கு ஞாயிறு என்ன?’ என்றான்.

‘ஓம் தம்பி.’

‘நாளைக்கும் நான் பாணுக்குப் போவன். போகாமல் இருப்பம் எண்டுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறனான். கால் தானாச் சைக்கிளில ஏறுது. ஒழுங்கை முடக்கில திரும்பேக்கை சத்தம் கேக்கும். பிறகு திங்கட்கிழமை.’ அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ‘அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. அவ பாவம்.’

எட்வேட் மணி பார்க்கத் தெரிந்தவர். ஊரில் பின்னேரம் மூன்றரை என்றால் லண்டனில் காலை பத்து. பத்து மணிக்குத்தான் ஆராதனை தொடங்கும். சபை முழந்தாளிட்டுப் பாவ அறிக்கை சொல்லும் நேரத்தில் பெடியன் ஒழுங்கை முடக்கில் திரும்புகிறான். மறுநாள் அவர் முழந்தாளிட்டார், எழும்ப முடியவில்லை, யோகராஜாதான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். நாலு வருடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆண்டும் பான்கேக் மாலைக்கு முன் மனைவியை இருத்தி வைத்து வாயைத் திறப்பார்; வாயிலிருந்து காஸ் பில்லைப் பற்றித்தான் ஏதாவது வரும். சொன்னால் அவள் அந்த நாற்பது நாளையும் இழப்பாள். சொல்லாவிட்டால் பிள்ளை ஆண்டுக்கு ஏழு முறை சாகும். இன்னொன்றும் உண்டு, அதை அவர் தனக்குத்தானே ஒத்துக்கொள்ள நாளாயிற்று: அவன் குரலைக் கேட்காமல் இருக்க அவராலும் ஏலாது. விகாரிடம் போய்க் கேட்டார். ஒருவர் விட்டதை இன்னொருவர் திருப்பிப் பிடிக்க முடியாது, அவரவர் துண்டில் அவரவர்தான் எழுத வேண்டும் என்றார் விகார். அவரும் பாவம், அந்த ஆண்டு தூக்க மாத்திரையை விட்டு, கண்ணெல்லாம் சிவந்திருந்தார்.

1993இல் எட்வேட் இறைச்சி என்று எழுதவில்லை. ‘வாயை மூடிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதினார். பக்கத்தில் தவமலர் வழமையானதை எழுதி முடித்திருந்தாள். இரண்டு துண்டும் ஒன்றாக எரிந்தன.

ஆலய வாசலிலேயே தொடங்கிவிட்டது. சாம்பல் காயுமுன் யோகராஜாவிடம், நீர் பாடுவது சுதி சேராது, எட்டு வருடமாகச் சகிக்கிறேன் என்றார். வேலையிடத்துக்குப் போன் பண்ணி மேலாளரைப் பற்றி மேலாளரிடமே சொன்னார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் சமையலறையில் நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஒழுங்கை முடக்கு, பத்து மணி, கால் தானாக ஏறுவது, எதையும் விடவில்லை. ‘சோதினை முடியட்டும் எண்டு சொன்னது நான் தான், மலர். நான் தான் விட்டிட்டு வந்தனான்’ என்று அதையும் சொன்னார். நிறுத்த முயன்றார், உதடு சேரவில்லை.

தவமலர் அடுப்பை அணைத்தாள். ‘நாலு வருசம் தெரிஞ்சுகொண்டு எனக்குப் பக்கத்தில முழங்காலில இருந்தனீங்கள்’ என்றாள். அதற்குப் பிறகு அவருடன் பேசவில்லை.

வியாழன் ஏழரைக்கு மணி அடித்தது. அவள் எடுத்தாள். எட்வேட் மாடிப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

‘தம்பி, அப்பா சொன்னவர். உண்மையோ?’

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்பது எட்வேட்டுக்குக் கேட்கவில்லை. தவமலர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

‘நோகுதோ ராசா?’

பதில் கேட்டு அவள் அப்படியே தரையில் இருந்துவிட்டாள். அவன் சொன்னதைச் சொல்ல மட்டும் அன்று இரவு ஒரே ஒருமுறை கணவனிடம் வாய் திறந்தாள். கொஞ்ச நேரம்தானம்மா, பழகிப்போச்சு என்றானாம்.

தொடங்கிய லெந்தை இடையில் நிறுத்த வழியில்லை. அந்த ஆண்டு அவள் மஞ்சள் சேலை எடுக்கவில்லை. ஆறு ஞாயிறும் வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் போயிருந்தாள். பத்து மணி தாண்டினதும், சபை பாவ அறிக்கை சொல்ல, அவள் வாய்க்குள் மகனோடு கதைத்துக்கொண்டிருந்தாள்: பயப்பிடாதை, நான் நிக்கிறன், முடக்கு வருகுது, நான் நிக்கிறன். பக்கத்தில் இருந்த சிவனேஸ்வரிக்கு அது ஜெபமாகவே கேட்டது. வார நாட்களில் மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டாள். கடைசிச் சனிக்கிழமை, பெரிய வெள்ளிக்கு மறுநாள், வழக்கத்தை விட நீளமாகப் பேசினார்கள். சோதினை திகதி வந்துவிட்டது, இனிப் படி, என்று எட்வேட் பொய் சொன்னார். அவருடைய வாய் மூடாதே தவிர, பொய் சொல்வதை அவர் விடவில்லை. பெடியன் சந்தோஷப்பட்டான்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு எட்வேட்டும் தவமலரும் மறுபடியும் பேசிக்கொள்ள ஆடி மாதம் ஆயிற்று. முதலில் பேசியது குப்பை எடுக்கும் நாளைப் பற்றி. ஆவணியில் அவள் அவருடைய தட்டில் தானே சோறு போட்டாள். மார்கழியில் ஒருநாள் மகனுடைய சின்ன வயதுக் கதை ஒன்றைத் தொடங்கி, பாதியில் விட்டு, பிறகு முடித்தாள். அடுத்த லெந்துக்கு என்ன எழுதப்போகிறாள் என்பதைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்பது எட்வேட்டுக்கு விளங்கியிருந்தது.

1994 மாசி பதினைந்தாம் திகதி பான்கேக் சுட்டார்கள். மண்டபத்தில் நல்ல கூட்டம். தவமலர் தன் பான்கேக்கைத் தின்று முடித்து, கையைத் துடைத்து, பென்சிலை எடுத்தாள். எடுத்தவள் எழுதவில்லை. துண்டுகளைச் சேர்க்க வந்த மிசிஸ் ஹாலட் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மறுபடியும் வந்தாள். எட்வேட் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் தெரியும், எல்லோரும் ஏதோ சுவாரசியமாகப் பேசுவதுபோலப் பேசினார்கள். கடைசியில் அவள் ஒரே சொல் எழுதினாள். மடிக்கவும் இல்லை.

சிவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள். ‘சீனியோ அக்கா?’

‘ஓம், சீனி’ என்றாள் தவமலர். ‘டொக்டரும் குறைக்கச் சொன்னவர்.’

சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கப் போனாள். கை விரியவில்லை. எட்வேட் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். அவள் அவ்வளவு பேர் முன்னிலையிலும் வாய்விட்டு அழுதாள். அவர்களுக்கு அன்றுதான் பிள்ளையைப் புதைத்த நாள். அப்படியே சபையின் அடக்கப் பதிவேட்டில் அந்தத் திகதியில் இருக்கிறது, மகன் ஜெபநேசன், வயது பத்தொன்பது, விகாரின் கையெழுத்தோடு.

வியாழன் காலை ஏழரைக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. இரண்டு பேரும் அதன் அருகில் எட்டு மணி வரை நின்றார்கள், பிறகு எட்வேட் வேலைக்குப் போனார். குருவானவரின் கடிதம் லாச்சியை விட்டு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சபை முழந்தாளிட்டது. எட்வேட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தவமலரும் எட்டிப் பார்த்தாள். பத்து தாண்டியது, பத்தே கால் ஆனது. நல்லூரில் அந்த ஒழுங்கை முடக்கில் அன்று சைக்கிள் எதுவும் திரும்பவில்லை. அவர்கள் எழுந்து மற்றவர்களோடு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சீனி டப்பா நிறைந்திருந்தது. தவமலர் இரண்டு கோப்பைக்கும் இரண்டிரண்டு கரண்டி போட்டாள், குடித்தார்கள். திங்கட்கிழமை டப்பா காலி. ‘இனி அடுத்த ஞாயிறுதான்’ என்றாள் அவள். எட்வேட் சரி என்று சொல்லிவிட்டு வெறுந்தேத்தண்ணியைக் குடித்தார்.